சின்னப் பிள்ளைகளோடு முதல் பேஸ்பால் ஆட்டம்: சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சிறு பிள்ளைகளை முதன்முறையாகத் தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துச் செல்ல நினைக்கும் நம்மவர்கள் பலரும், விதிகளை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்றுதான் முதலில் கவலைப்படுகிறார்கள். ஏழு வயது மகளையும் நான்கு வயது மகனையும், கோடைக்கு எங்களோடு இருக்க வந்த என் மாமனாரையும் கூட்டிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியின் சொந்த மைதானமான ஓரக்கிள் பார்க்குக்குப் போய்வந்த பிறகு, அந்தக் கவலையைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம் என்று உறுதியாகச் சொல்வேன். பிள்ளைகளின் பசி, தூக்கம், குளிர், இரைச்சல், கழிப்பறை ஆகியவற்றுக்கு முன்கூட்டியே வழி செய்துவிட்டால், ஆட்டம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். இவற்றில் ஒன்று தவறினாலும், எவ்வளவு நல்ல ஆட்டமானாலும், ஒன்பது இன்னிங்ஸ்களில் மூன்றாவதிலேயே வீட்டுக்குப் போகலாம் என்ற அழுகுரல் கேட்கத் தொடங்கும்.

எந்த ஆட்டத்துக்குப் போவது என்பதில் இங்கே நமக்குப் பெரிய சுதந்திரம் இருக்கிறது. ஐ.பி.எல். தொடரில் ஓர் அணி சொந்த ஊரில் லீக் சுற்றில் ஏழு ஆட்டங்கள்தான் ஆடும்; சேப்பாக்கம் டிக்கெட்டுக்காக நடக்கும் அடிதடியை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் முதன்மை லீகான மேஜர் லீக் பேஸ்பாலில் மார்ச் இறுதி முதல் செப்டம்பர் இறுதி வரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது, அவற்றில் 81 சொந்த மைதானத்தில். ஆகவே இந்த வாரம் சளி பிடித்திருந்தால் அடுத்த வாரம் போகலாம், அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்த வாரம். டிக்கெட் விலை எதிரணியையும் கிழமையையும் பொறுத்து ஏறி இறங்கும். பரம எதிரியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் வரும் நாட்களில் விலையும் அதிகம், கூட்டமும் அதிகம், கூட்டத்தின் வாயும் சற்று அதிகம். முதல் ஆட்டத்துக்கு அந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம். ஓரளவு காலியாக இருக்கும் மைதானமே சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. பக்கத்து இருக்கைகளில் யாரும் இல்லையென்றால் கால் நீட்டலாம், பை வைக்கலாம், இடம் மாறி உட்காரலாம்.

பகல் ஆட்டமா, இரவு ஆட்டமா என்ற கேள்விக்கு என் பதில் தயங்காமல் பகல் என்பதுதான். இரவு ஆட்டங்கள் மாலை ஆறே முக்காலுக்கு மேல் தொடங்கினால், பிள்ளைகள் படுக்கப் போகும் நேரத்தில் நாம் நான்காவது இன்னிங்ஸில் இருப்போம். அதைவிடப் பெரிய காரணம் குளிர். விரிகுடாவின் கரையிலேயே கட்டப்பட்ட மைதானம் இது. நாங்கள் இருக்கும் சன்னிவேலில் வியர்த்துக் கொட்டும் ஜூலை மாதத்திலும் இங்கே மாலைக் காற்று எலும்பைத் தொடும். ஞாயிறு பகல் ஒரு மணி ஐந்து நிமிட ஆட்டத்தை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். அப்படியும் ஆளுக்கொரு ஸ்வெட்டரும் ஒரு மெல்லிய போர்வையும் எடுத்துச் சென்றோம். வெயில் முகத்தில் அடித்த முதல் மூன்று இன்னிங்ஸ்களுக்குத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் தேவைப்பட்டன, நிழல் ஏறிய பிறகு போர்வை தேவைப்பட்டது. இரண்டும் ஒரே பையில் இருந்தாக வேண்டும்.

ஆட்டம் எவ்வளவு நேரம் நீளும் என்பதைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2022 வரை ஒன்பது இன்னிங்ஸ் முடிய சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. 2023-இல், பந்து வீசுபவரான பிட்சருக்குக் கடிகாரம் வைத்தார்கள். பேட்டர்கள் ஓடிச் சேரும் தளங்களில் ஆள் இல்லாதபோது 15 விநாடிக்குள் அவர் பந்தை வீசத் தொடங்க வேண்டும். அந்த ஒரு மாற்றத்தால் சராசரி நேரம் சுமார் 2 மணி 40 நிமிடமாகக் குறைந்துவிட்டது. பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அந்த இருபத்து நான்கு நிமிடங்களின் அருமை தெரியும். போதாததற்கு, அந்தக் கடிகாரம் மைதானத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருப்பதால், எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு அதுவே ஒரு விளையாட்டு. என் மகன் ஆட்டத்தைப் பார்த்ததைவிட அந்த எண்கள் இறங்குவதைப் பார்த்து, கூடவே உரக்க எண்ணியதுதான் அதிகம்.

இருக்கை விஷயத்தில் சிக்கனமும் பாதுகாப்பும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பது எனக்கே வியப்பாக இருந்தது. மைதானத்தை ஒட்டிய வரிசைகள் விலை உயர்ந்தவை. ஆனால் அங்கே மட்டையில் பட்டுக் கோட்டுக்கு வெளியே தெறிக்கும் ஃபவுல் பந்து மணிக்கு நூறு மைலுக்கு மேல் வேகத்தில் வரக்கூடும், அதைக் கவனித்துக்கொண்டே இருக்க நான்கு வயதுப் பிள்ளையின் பெற்றோரால் முடியாது. ஒருவர் குனிந்து ஷூ லேஸ் கட்டும் நேரம் போதும். பார்வையாளர்கள், அவர்களில் குழந்தைகளும், பந்து பட்டுக் காயமடைந்த பிறகு, 2018-க்குள் 30 மேஜர் லீக் மைதானங்களிலும் பார்வையாளர்களைக் காக்கும் வலை, வீரர்கள் அமரும் இடத்தின் மறுமுனை வரை நீட்டப்பட்டது. பிறகு இன்னும் நீண்டது. கீழ்த்தளத்தில்தான் உட்கார வேண்டும் என்றால் வலைக்குப் பின்னால் உட்காருங்கள். நாங்கள் மேல்தளத்தில், பேட்டர் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் எடுத்தோம். மைதானம் முழுவதும் ஒரு வரைபடம்போல் விரிந்து தெரிந்தது, அதற்கு அப்பால் விரிகுடா, அதில் பாய்மரப் படகுகள். எதற்குப் பிறகு எது நடக்கிறது என்பதைக் கைநீட்டிக் காட்டிப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட வசதியான இடம் இல்லை. ஆனால் மேல்தளப் படிகள் செங்குத்தானவை, பிள்ளையின் கையை விடக்கூடாது. மேல்தளத்தின் முதல் வரிசைகளையும் தவிர்க்கலாம். பெரியவர்களுக்குத் தொந்தரவில்லாத தடுப்புக் கம்பி, உயரம் குறைந்தவர்களுக்குச் சரியாகக் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். எங்கே எடுத்தாலும் வரிசையின் ஓர இருக்கைகளாக எடுங்கள். கழிப்பறைக்கு எத்தனை முறை எழுந்து போவோம் என்பது நம் கையில் இல்லை.

எத்தனை வயது வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டிக்கெட் இல்லாமல் நுழையலாம் என்பது அணிக்கு அணி மாறும். வாங்குவதற்கு முன் அந்தந்த அணியின் விதியைப் பார்த்துவிடுங்கள். டிக்கெட்டுகள் கைப்பேசிச் செயலியில்தான் வரும் என்பதால், பாதியைக் கணவரின் கைப்பேசிக்கு மாற்றி அனுப்பிவைத்தேன். ஒருவர் பிள்ளையோடு முன்னே போய் மற்றவர் தள்ளுவண்டியோடு பின்னால் வரவேண்டியிருந்தால் இது கைகொடுக்கும். உள்ளே ரொக்கம் செல்லாது, அட்டை மட்டுமே. ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கித்தர ஆசைப்பட்டுச் சட்டைப்பையில் டாலர் நோட்டு வைத்திருந்தால் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

காரில் போகவில்லை. சன்னிவேலில் கால்ட்ரெயின் ஏறினால் கடைசி நிறுத்தம் சான் பிரான்சிஸ்கோ; அங்கிருந்து மைதானம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் இந்தப் பாதையில் மின்சார ரயில்கள் வந்துவிட்டன, மாடி இருக்கைகளும் உண்டு. கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு பெரியவரோடும் நான்கு வயது வரையுள்ள ஒரு பிள்ளை இலவசமாகப் போகலாம். ரயில் நின்ற ஒவ்வொரு நிலையத்திலும் ஆரஞ்சும் கறுப்பும் அணிந்த ரசிகர்கள் கூடிக்கொண்டே வந்ததில், மைதானத்துக்குப் போய்ச் சேரும் முன்பே பிள்ளைகளுக்குத் திருவிழாக் களை வந்துவிட்டது. என் மாமனார் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு முதியவரிடம், தன் ஆங்கிலத்தில், இன்று யார் ஜெயிப்பார்கள் என்று விசாரித்து, அவர் சொன்ன நீண்ட பதிலைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

உணவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று திரையரங்குப் பழக்கத்தில் நாம் நினைத்துவிடுகிறோம். பல மேஜர் லீக் மைதானங்களில் தனிநபர் உணவைக் கொண்டுபோகலாம். ஓரக்கிள் பார்க்கும் அவற்றில் ஒன்று. முத்திரை உடைக்காத பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் சரி. கண்ணாடி, கேன் கூடாது. எவர்சில்வர் டிபன் பாக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு, புளியோதரையைச் சிறு காகிதப் பெட்டிகளிலும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லிகளை வாழையிலைத் துண்டில் மடித்து ஜிப் பையிலும் கட்டினேன். பாதுகாப்புச் சோதனையில் நின்ற பெண்மணி பையைத் திறந்து முகர்ந்து பார்த்து, என்ன என்று கேட்டு, சிரித்துக்கொண்டே மூடினார். நல்லெண்ணெய் வாசனை இரண்டு வரிசை வரை போயிருக்கும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த மைதானத்தில் எந்த வாசனையும் பூண்டை ஜெயிக்க முடியாது. சான் ஹோசேவுக்குத் தெற்கே இருக்கும் கில்ராய் என்ற ஊரின் பூண்டுக்குப் பெயர். அந்தப் பெயரில் விற்கும் பூண்டு போட்ட உருளைக்கிழங்கு வறுவல் இங்கே பேர் போனது. சைவம் சாப்பிடுபவர்கள் கவலைப்படாமல் அதை வாங்கலாம், பிள்ளைகளுக்குக் காரம் இருக்காது. ஒன்று வாங்கி ஐந்து பேரும் பகிர்ந்துகொண்டோம். வீட்டுச் சாப்பாட்டைப் பசி தொடங்கும் முன்பே, இரண்டாவது இன்னிங்ஸில் கொடுத்துவிட்டு, கடையில் வாங்குவதை நடுவில் ஒரு பரிசாக வைத்துக்கொள்வது என் யோசனை. முதலிலேயே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டால் பிறகு பேரம் பேச நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது.

நுழைவாயிலில் இந்த அணியின் புகழ்பெற்ற வீரர் வில்லி மேஸின் சிலை இருக்கிறது. 24 என்ற எண்ணை அணிந்து ஆடியவர், 660 ஹோம் ரன்கள் (நம் சிக்ஸர் போல, பந்து சுவரைத் தாண்டிப் பறக்கும் அடிகள்) அடித்தவர், 2024 ஜூனில் 93 வயதில் மறைந்தார். சிலையைச் சுற்றி 24 பனைமரங்கள் நட்டிருக்கிறார்கள். உள்ளே வலதுபக்கச் சுவரின் உயரமும் 24 அடி. இதை மகளிடம் சொன்னதும் மரங்களை எண்ணத் தொடங்கிவிட்டாள், நுழைவு வரிசையில் நின்ற நேரம் தெரியாமல் போனது. பிள்ளைகளைச் சிலையின் முன் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். நினைவுக்கு மட்டுமல்ல, கூட்டத்தில் யாராவது காணாமற்போனால் அன்று என்ன உடை அணிந்திருந்தார்கள் என்று காட்டுவதற்கும். மகனின் முன்கையில் பேனாவால் என் தொலைபேசி எண்ணை எழுதிவைத்தேன். உள்ளே போனதும் உதவி மையத்தில் முதல் ஆட்டத்துக்கான சான்றிதழ் கேளுங்கள். இந்த அணி மட்டுமல்ல, பல அணிகளும் பிள்ளையின் பெயர் எழுதி இலவசமாகத் தருகின்றன. மடங்காமல் கொண்டுவர ஓர் அட்டைக் கோப்பு எடுத்துப்போவது நல்லது.

ஆட்டத்தைப் பற்றி நான் பிள்ளைகளுக்குச் சொன்னது மிகக் குறைவு. மகனுக்கு ஒரே ஒரு வேலை: பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிரு. முகமூடி, மார்புக் கவசம், கால் கவசம் எல்லாம் அணிந்து ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழுபவர் அவர்தான் என்பதால், நான்கு வயதின் கண்ணுக்கு அவரைவிடச் சுவாரசியமானவர் களத்தில் இல்லை. மகளுக்கு, பேட்டர் அடிக்கத் தவறிய நல்ல பந்து ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் ஓர் அவுட், மூன்று அவுட் ஆனால் அணிகள் இடம் மாறும் என்பதைச் சொல்லி, ஒரு தாளில் ஒவ்வொரு அவுட்டுக்கும் ஒரு வட்டம் போடச் சொன்னேன். ஐந்தாவது இன்னிங்ஸில் அவளாகவே, பந்து நேராகக் கையில் பிடிபட்டால் சிவப்பு, முதல் தளத்தில் அவுட் ஆனால் நீலம் என்று நிறம் பிரித்துப் போட ஆரம்பித்தாள். அவளுக்கு நான் விளக்காத விதியை அவள் வட்டங்களே விளக்கிவிட்டன.

வீட்டில் கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகளுக்குச் சில இடங்களில் குழப்பம் வரும், அவற்றை மட்டும் முன்பே சொல்லிவைக்கலாம். மட்டையை ஓடும்போது கீழே போட்டுவிடுவார்கள். பின்பக்கம் தட்டிவிட்ட பந்துக்கு ரன் கிடையாது, அது ஃபவுல். பார்வையாளர் பிடித்த பந்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை, அவரே வைத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் இருவருக்கும் கண் விரிந்தது. பெரியவர்களுக்குத்தான் கூடுதல் குழப்பம். நான்கு பந்துகள் அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே வீசப்பட்டதால் பேட்டர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்துபோனதைப் பார்த்த மாமனார், "வைடு போட்டா நம்மூர்ல ஒடனே ஒரு ரன்னு. இங்க நாலு வைடு போட்டாத்தான் ஒரு தளமே தாரான். பவுலருக்கு இங்க மரியாதை கூடுதல்தாம்மா" என்றார். "அப்போ நம்ம ஊர் பவுலரை எல்லாம் இங்க அனுப்பிருவோமா மாமா?" என்று கேட்டேன். ஸ்கோர்போர்டில் தெரிந்த வேகத்தை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, "வேண்டாம், இவனுவ எல்லாப் பந்தையும் நூத்தம்பதுல போடுதான்" என்று சொல்லிவிட்டார்.

இரைச்சலுக்குத் தயாராக இருங்கள். இந்த மைதானத்தில் உள்ளூர் வீரர் ஹோம் ரன் அடித்தால், கப்பல்களுக்கு மூடுபனியில் ஒலிக்கும் ஊதுகுழல் முழங்கும், வலதுபக்கச் சுவரின் மேலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். நாங்கள் போன அன்று அது நான்காவது இன்னிங்ஸில் நடந்தது. சுற்றியிருந்தவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், மகனுக்கு அவர்களின் முதுகுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, அதோடு அந்த ஊதல் வேறு. முகம் கோணி, கையிலிருந்த வறுவலை இறுக்கிப் பிசைந்துகொண்டு என் வயிற்றில் முகம் புதைத்தான். பையில் தயாராக இருந்த காதுக் கவசத்தை மாட்டிவிட்டு, தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சுவதைக் காட்டினேன். அதன் பிறகு அந்தத் தண்ணீர் மறுபடி எப்போது வரும் என்ற கேள்வியை ஆட்டம் முடியும் வரை அவன் விடவில்லை. காதுக் கவசம் விலை அதிகமில்லை, அதில்லாமல் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை இங்கே கூட்டிவராதீர்கள்.

நடு இன்னிங்ஸ்களில் இருக்கையை விட்டு எழுந்து சுற்றவேண்டும். ஒன்பது இன்னிங்ஸும் உட்கார வைப்பது பிள்ளைகளுக்குத் தண்டனை. இடதுபக்க வெளிமைதானத்துக்குப் பின்னால் சறுக்குமரம் கொண்ட மாபெரும் கோக் பாட்டிலும், அதன் பக்கத்தில் நான்கு விரல்கள் கொண்ட பழங்காலப் பந்துக் கையுறையின் பிரம்மாண்ட வடிவமும் இருக்கின்றன. வலதுபக்கம் போனால் சுவருக்கு வெளியே மெக்கோவி கோவ் எனப்படும் நீர்ப்பகுதி. பந்து வந்து விழுமா என்று சிறு துடுப்புப் படகுகளில் ரசிகர்கள் காத்துக்கிடப்பார்கள். 2000-இல் மைதானம் திறந்ததிலிருந்து உள்ளூர் அணி அடித்து நேராகத் தண்ணீரில் விழுந்த ஹோம் ரன்கள் நூறைத் தாண்டிவிட்டன, அவற்றில் 35 பாரி பாண்ட்ஸ் ஒருவரே அடித்தவை. பிள்ளைகளுக்கு ஆட்டத்தைவிடப் படகுகள் பிடித்துப்போனால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கழிப்பறைக்கு இன்னிங்ஸ் மாறும் இடைவேளையில் போகாதீர்கள், மைதானமே அப்போதுதான் போகும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது போனால் வரிசை இருக்காது. திரும்பி வரும்போது பேட்டர் ஆடி முடிக்கும் வரை படிக்கட்டின் மேலேயே நிறுத்திவைப்பார்கள், பிள்ளையிடம் அதையும் சொல்லிவையுங்கள்.

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று கூட்டமாகப் பாடுவார்கள். பிள்ளைகள் அதுவரை தாக்குப்பிடித்தால் போதும், அதன் பிறகு கிளம்புவது நல்லது. முடிவைப் பார்க்காமல் போவதா என்று கணவருக்கு மனம் வரவில்லை. ரயிலில் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னோம். ஆட்டம் முடிந்தபின் ரயில் நிலையத்தில் வாசல் தாண்டி வரிசை நிற்கும், அதில் தூக்கம் வந்த பிள்ளையோடு நிற்பதை நினைத்தாலே போதும். சில ஞாயிறுகளில் ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளைக் களத்தில் தளங்களைச் சுற்றி ஓடவிடுகிறார்கள், அதற்கும் நீண்ட வரிசை உண்டு. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அது காத்திருக்கத் தகுந்தது, அதற்குக் கீழே அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். கடைசி இன்னிங்ஸ்களில் மிச்ச உணவைத் தேடிக் கடற்பறவைகள் கூட்டமாக வந்து இறங்கும். நாங்கள் படியிறங்கும்போதே முன்கூட்டி வந்த இரண்டு பறவைகள் காலி வரிசையில் நடந்துகொண்டிருந்தன, அவற்றுக்காக மகன் இன்னும் பத்து நிமிடம் கேட்டு வாங்கினான்.

இவ்வளவு செலவும் பயணமும் செய்துதான் பிள்ளைக்குப் பிடிக்குமா என்று பார்க்க வேண்டும் என்பதில்லை. ஓரக்கிள் பார்க்கிலேயே நீர்க்கரையை ஒட்டிய நடைபாதையில், வலதுபக்கச் சுவரின் வளைவுகள் வழியாக, டிக்கெட் இல்லாமல் நின்று சில இன்னிங்ஸ்கள் பார்க்க அனுமதிக்கிறார்கள். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அங்கே நின்றால் தெரிந்துவிடும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் நான் சான் ஹோசேயைத்தான் சொல்வேன். சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் இளம் வீரர்கள் ஆடும் கீழ்நிலை அணி அங்கே இருக்கிறது. பிறகு ஜயண்ட்ஸின் நட்சத்திரங்களான பஸ்டர் போஸியும் மேடிசன் பம்கார்னரும் மேலே போகும் வழியில் ஆடிய அணி. 1942-இல் திறந்த சின்ன மைதானம், எந்த இருக்கையிலிருந்தும் வீரர்கள் பேசிக்கொள்வது காதில் விழும், டிக்கெட்டும் மலிவு. அதுவும் தொழில்முறை ஆட்டம்தான், பந்தும் அதே வேகத்தில் வரும், ஆகவே வலைக்குப் பின்னால் உட்காருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை ஆட்டங்கள் இருக்கும், பெரும்பாலானவை இரவு ஆட்டங்கள் என்பதால் ஞாயிறு பகலில் நடப்பவற்றைத் தேடி எடுக்க வேண்டும்.